கண்டல்காட்டில் சாய்வுக்கட்டில்

முதல் சாய்வுக்கட்டில் காணாமல் போனபோது இனோகே அதைத் திருட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்க முடியாது. எடுத்தவர்கள் பட்டப்பகலில், விடுதியின் வரவேற்பறை வழியாகவே, அவனிடம் நலம் விசாரித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். முன்னங்காலைப் பிடித்திருந்தவள் வாசேமதா. பின்னங்காலைப் பிடித்திருந்தவள் அவள் நாத்தனார். கட்டிலின் மேல் யாரோ ஒரு விருந்தாளியின் வைக்கோல் தொப்பி கிடந்தது. அதை மட்டும் எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்தவர் பொருளைத் தொடமாட்டார்கள். திருடர்களா என்ன?

"என்ன பாக்குற, மீன்வால் திருடன் பேரனே," என்றாள் வாசேமதா. "கதவைப் புடி. ரெண்டு கையும் வேலையா இருக்குல்ல."

இனோகே கதவைப் பிடித்தான். அந்த விடுதிக்கு மேலாளர் அவன்.

பிடிக்காமல் என்ன செய்வான்? இனோகே பிறந்தது ஃபிஜியின் நாசவுராத் தீவில். வாசேமதா பிறந்ததும் வாய் வளர்த்ததும் விடுதிக்கு அடுத்த கிராமமான வாய்திரியில். ஆதியில் இந்த இரண்டு ஊரையும் உண்டாக்கியவர்கள் ஒரு அண்ணனும் தம்பியும். வாய்திரி அண்ணன் பிடித்த மீனின் வாலை, அவன் தூங்கும்போது நாசவுராத் தம்பி தின்றுவிட்டான். எந்த மீன், எத்தனை பெரிய வால் என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அன்றிலிருந்து இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவருக்கொருவர் தவுவு. தவுவு என்றால் பார்த்த இடத்தில் வாய்க்கு வந்தபடி திட்டலாம். கண்ணில் பட்ட பொருளை எடுத்துக்கொண்டு போகலாம். கேட்கவும் வேண்டாம், திருப்பித் தரவும் வேண்டாம். ஒரே ஒரு விதிதான்: கோபப்படக்கூடாது. எவனுக்குக் கோபம் வருகிறதோ அவன் ஊரார் பன்றி கொடுக்கவேண்டும். எதிராளியின் முகம் சிவக்கிற வேகத்தை வைத்தே பன்றியின் எடையைச் சொல்லிவிடக்கூடியவர்கள் வாய்திரியில் இருந்தார்கள்.

எடுப்பவருக்கும் ஒரு வரம்பு உண்டு. தவுவின் சொந்தப் பொருளைத்தான் எடுக்கலாம். இனோகே அந்த வரம்பைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். கட்டில் படியிறங்கும்போது, "அது என்னுது இல்ல கிழவி, கம்பெனியோடது," என்று முறைப்படி சொன்னான். நாற்பத்தைந்து வயதுக்காரியைக் கிழவி என்பதும் முறைதான்.

"அப்படியா?" என்றாள் வாசேமதா. "அன்னிக்கு மைக்கைப் புடிச்சு வேற மாதிரி சொன்னியே."

சொன்னது உண்மை. அங்கேதான் வினை.

விடுதிக்கு 'சைலன்ஸ்' என்று பெயர். பிரிஸ்பேனில் உட்கார்ந்து வைத்த பெயர். இங்கே ஒரு பக்கம் ஜெனரேட்டர், ஒரு பக்கம் நீர் ஸ்கூட்டர், இன்னொரு பக்கம் கண்டல்காட்டில் நாளெல்லாம் தலைகீழாகத் தொங்கிக் குடும்பச் சண்டை போடும் பழந்தின்னி வௌவால்கள். இயற்கையைத் தேடி வந்த விருந்தாளிகள் இயற்கையைப் பற்றித்தான் அதிகம் புகார் செய்தார்கள். மைனா காலை உணவு மேசையில் இறங்கிப் பப்பாளியைக் கொத்துகிறது. நண்டு குளியலறைக்குள் வந்து முறைக்கிறது. சிட்னிக்காரர் ஒருவர், மத்தியானத்தில் கடல் பின்வாங்கிப் போய்விடுகிறது, இதற்குப் பொறுப்பான அதிகாரி யார் என்று எழுதிக் கேட்டார். இனோகே, ஆவன செய்கிறோம் என்று பதில் போட்டான். சாயங்காலம் கடல் திரும்பி வந்தது. சிட்னிக்காரர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்.

அவனுக்கு முன்னால் மேலாளராக இருந்த இருவரும் ஆஸ்திரேலியாக்காரர்கள். ஒருவர் வாய்திரியோடு சட்டம் பேசி ஓய்ந்துபோனார். இன்னொருவர் வாய்திரியோடு யங்கோனா வேர்ச்சாறு குடித்து ஓய்ந்துபோனார். கம்பெனியின் தலைவர் ப்ரெண்டன் யோசித்துப் பார்த்து, முள்ளை முள்ளால் எடுக்கலாம் என்று முடிவு செய்தார். உள்ளூர்க்காரனைச் சமாளிக்க உள்ளூர்க்காரன். ஃபிஜியில் இத்தனை தீவு இருக்க, அவர் விரல் வந்து நின்றது நாசவுராவில். நேர்காணலில், வாய்திரியில் உனக்கு யாரையாவது தெரியுமா என்று கேட்டார்கள். யாரையும் தெரியாது என்றான் இனோகே. அதுவும் உண்மைதான். தவுவுக்கு ஆளைத் தெரிய வேண்டியதில்லை. மீனைத் தெரிந்தால் போதும்.

அவன் பொறுப்பேற்ற அன்று ப்ரெண்டன் நேரில் வந்தார். முறைப்படி யங்கோனா வேர்க்கட்டை வாய்திரிச் சபைக்கூடத்தில் வைத்தார்கள். ஊர்த்தலைவர் அபாகூகி ஏற்றுக்கொண்டார். யங்கோனா கரைத்த மரக்கிண்ணம் நடுவில் இருந்தது. பத்திரிகைக்காரனும் இருந்தான். பத்திரிகைக்காரன் இருந்ததால் ப்ரெண்டனுக்கு உணர்ச்சி வந்துவிட்டது. துடுப்பு நீளத்துக்குச் செய்து கொண்டுவந்திருந்த மரச்சாவியை இனோகே கையில் கொடுத்து, இந்த இடம் இனி எங்களுடையது அல்ல, மணலிலிருந்து கட்டில் வரைக்கும், கட்டிலிலிருந்து கரைவரைக்கும் எல்லாம் இந்த மண்ணின் மைந்தன் இனோகேயுடையது என்று முழங்கினார். உள்ளூரார் உடைமை என்று விளம்பரத்தில் போட்டால் அந்த வருஷம் நல்ல கிராக்கி. அதை வாய்திரிக்கு மொழிபெயர்த்துச் சொன்னவனும் இனோகேதான். வேறு ஆள் இல்லை. 'எல்லாம் என்னுடையது' என்று தன் வாயாலேயே, மைக்கில், கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னான்.

கூடம் முழுக்கக் கையைக் குவித்து மெதுவாகத் தட்டினார்கள். கிண்ணத்துக்கு முன்னால் சொல்லி, சபை கைதட்டிவிட்டால், சொன்னது சொன்னதுதான். தன் பேச்சுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து ப்ரெண்டன் தலை வணங்கினார்.

ஆக, வாய்திரியின் கணக்கில் அத்தனையும் இனோகேயுடையது. கம்பெனியின் கணக்கில், அவன் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டைகூட வேலையை விட்டால் திருப்பிக் கொடுக்கவேண்டியது. இரண்டு கணக்குக்கும் நடுவே அவன் நல்ல பிள்ளையாக நின்றுகொண்டிருந்தான். வாய்திரியிடம், கம்பெனியோடது என்றான். கட்டில்கள் ஏன் குறைகின்றன என்று கம்பெனி கணினித் திரையில் வந்து கேட்டபோது, காற்று என்றான். குடைகளுக்கும் காற்று. டவல்களுக்கும் காற்றுதான். இங்கே காற்று இவ்வளவு பலமாக வீசும் என்று தனக்குத் தெரியாதே என்று ப்ரெண்டன் வியந்தார். சில நாட்களில் நாலு பேராக வரும் என்று இனோகே சொல்லவில்லை.

இந்த ஏற்பாடு இப்படியே ஓடியிருக்கும். கண்டல்காடு குறுக்கே வந்தது.

விடுதிக்கும் வாய்திரிக்கும் நடுவில் கரையோரமாக இருந்தது அந்தக் காடு. அலை வந்தால் முழங்கால் வரை நீர், வடிந்தால் முழங்கால் வரை சேறு. வாய்திரிப் பெண்கள் சேற்று நண்டு பிடிப்பது அதற்குள்ளேதான். வௌவால்களின் வீடும் அதுதான். விடுதி விளம்பரத்தின் அட்டையில் ஒற்றைக்காலில் நிற்கும் சாம்பல் கொக்கு நின்றதும் அங்கேதான். கம்பெனி கடலுக்குள் கால் நட்டு ஒரு வரிசை புது வில்லாக்கள் கட்டப்போகிறது. வில்லாவுக்கும் அஸ்தமனத்துக்கும் நடுவில் காடு மறைக்கிறது. ஆகவே காடு போகவேண்டும். கொக்கு அட்டையில் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலை ப்ரெண்டன் திரையில் தோன்றிச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மிதவையில் மரம் வெட்டும் ஆட்கள் வருகிறார்கள். அரசாங்க அனுமதி வந்துகொண்டே இருக்கிறது. அதற்காக வேலையை நிறுத்திவைக்க வேண்டியதில்லை, இரண்டும் வழியில் சந்தித்துக்கொள்ளும். முதல் மரத்தை வெட்ட அவரே வருகிறார், முதலீட்டாளர்களோடும் புகைப்படக்காரரோடும். அன்றைக்கு வாய்திரியிலிருந்து ஒரு சத்தம் வரக்கூடாது. அது இனோகேயின் வேலை. வராவிட்டால் வில்லாக்களுக்கும் சேர்த்து அவன்தான் பொது மேலாளர். வந்தால் அவன் நாசவுராவுக்குக் கப்பல் ஏறலாம்.

இனோகே, ஆவன செய்கிறேன் என்றான்.

மத்தியானம் வாசேமதா குடை எடுக்க வந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் குடையைக் கீழே வைத்தாள். "இன்னிக்குக் குடை வேணாம்," என்றாள் நாத்தனாரிடம். "இவனையே எடுத்துக்குவோம்."

நான் கம்பெனி வேலையில் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். சாப்பாட்டு நேரம் என்பதால் அது செல்லாது. ஆளுக்கொரு கையாகப் பிடித்து, தேய்த்து மடிப்புக் கலையாத கறுப்பு சூலு வேட்டியோடும் பளபளத்த செருப்போடும் அவனைக் கண்டல்காட்டுக்குள் கொண்டுபோனார்கள்.

கடல் வடிந்திருந்தது. மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தன. குட்டி மீன்கள் சேற்றின் மேலேயே குதித்துக் குதித்து நடந்தன. பத்தடி தள்ளி இனோகே முழங்கால் வரை புதைந்து நின்றுவிட்டான். ஒரு காலை எடுத்தால் மறு கால் இன்னும் ஆழமாகப் போனது. பெண்கள் நண்டு பிடிப்பதை விட்டுவிட்டு வேர்களின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். நாசவுராவில் நடக்கச் சொல்லித் தருவதில்லையா, நீந்த மட்டுமா என்று ஒருத்தி கேட்டாள். இவனை இப்படியே நட்டு வைத்தால் முளைக்குமா என்றாள் இன்னொருத்தி. முளைத்தாலும் காய்க்காது என்று மூன்றாமவள் தீர்ப்புச் சொன்னாள்.

வாசேமதா வளைக்குள் தோள்வரை கையை விட்டு, கன்னத்தைச் சேற்றில் சாய்த்துப் படுத்திருந்தாள். படுத்தபடியே கேட்டாள். "திங்கக்கிழமை வெட்ட வர்றாங்களாமே."

இனோகே தெரியாது என்றான். பிறகு, ஆமாம், அரசாங்க அனுமதி வந்துகொண்டே இருக்கிறது, அதற்காக வேலையை நிறுத்திவைக்க மாட்டார்கள் என்றான். அதற்குப் பிறகு, நிறுத்தத் தெரியாமல், கம்பெனி வெட்டுகிற ஒவ்வொரு மரத்துக்கும் பதிலாக ஒரு மரம் வேறிடத்தில் வளர்க்கும் என்றான். எங்கே என்று கேட்டாள். வரவேற்பறை வாசலில் என்றான். தொட்டியிலா என்று கேட்டாள். அவன் புதைந்த காலை இழுத்துப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

வாசேமதா நண்டை வெளியே இழுத்து, கொடுக்கை நாரால் கட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். "உங்க ஊர்லயும் படகுத்துறை கட்டறோம்னு கண்டல வெட்டினாங்கல்ல. இப்ப உங்க ஊர்ப் பொணமெல்லாம் நீச்சல் கத்துக்குதாமே. உங்கப்பா எப்படி, நல்லா நீந்துறாரா?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நாசவுராவின் இடுகாடு கடலைப் பார்த்திருந்தது. கண்டல் போன மறு வருஷம் முதல் வரிசைக் கல்லறைகளைக் கடல் கொண்டுபோனது. இனோகேயின் அப்பா இரண்டாவது வரிசை. சித்தப்பாமார்கள் எலும்பைத் தோண்டிப் பாயில் சுற்றி மேட்டுக்குக் கொண்டுபோனபோது இனோகே தலைநகர் சுவாவில், விருந்தாளி சோகமாக இருந்தால் எப்படிப் புன்னகைப்பது என்ற பாடத்தில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். அந்தப் பாடத்தில் முதல் மதிப்பெண். ஊர்க்காரர்கள் யாரும் அவனிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. மரியாதை. தவுவிடம் உள்ள கொடுமையே இதுதான். மற்றவர்கள் மரியாதைக்காக விழுங்கிவிடுவதையெல்லாம் அவர்கள் துப்பிவிடுவார்கள்.

கோபம் வந்தது. கழுத்துவரை வந்தது. வாசேமதா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பன்றியின் எடையைக் கணிப்பவளாக. இனோகே கோபத்தைக் கழுத்திலேயே நிறுத்தினான்.

"எங்கப்பா உயிரோட இருந்தப்பவே நல்லா நீந்துவாரு," என்றான். "உங்க ஊர் ஆளுங்க மாதிரி செத்தப்புறம் கத்துக்க வேண்டிய அவசியம் இல்ல."

சிரிப்பு இன்னும் பலமாக எழுந்து வௌவால்களைக் கலைத்தது. வாசேமதா எழுந்து வந்து அவன் அக்குளுக்குள் கைகொடுத்து வெளியே இழுத்தாள். ஆள் வந்தான். ஒரு செருப்பு வரவில்லை. கட்டிய நண்டை அவன் கையில் திணித்துவிட்டு, போ, போய் உன் கம்பெனிக்கு ஆக்கிப் போடு என்று அனுப்பினாள். இனோகே ஒற்றைச் செருப்போடு வரவேற்பறைக்குத் திரும்பினான். வெளியேறக் காத்திருந்த விருந்தாளிகளைப் பார்த்துப் புன்னகைத்தான். அந்தப் புன்னகையில் ஏதோ குறைவதாக ஒருவர் கருத்துப் பெட்டியில் எழுதிப் போட்டார்.

சனிக்கிழமை வாய்திரி மொத்தமாக வந்தது. மிச்சமிருந்த கட்டில்கள், குடைகள், டவல்கள், முகத்துக்கு மசாஜ் செய்யும் அறையிலிருந்து ஒரு கூடை வெள்ளரிக்காய். இனோகே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசிக் கட்டில் போகும்போது வாசேமதா நின்றாள். "இன்னிக்குக் கம்பெனியோடதுன்னு சொல்லலியே?"

"தொண்டை கட்டியிருக்கு," என்றான் இனோகே.

ஞாயிற்றுக்கிழமை யாரும் எதையும் எடுக்கவில்லை. ஞாயிறு தேவாலயம். அன்றைக்குத் தவுவுக்கும் விடுமுறை.

திங்கட்கிழமை அலை ஏறியிருந்தபோது மிதவை வந்து விடுதியின் துறையில் நின்றது. மிதவையில் ரம்பங்களும், நகரத்திலிருந்து கூலிக்கு வந்த ஆட்களும். விரைவுப் படகில் ப்ரெண்டன், வெள்ளைச் சட்டையில் முதலீட்டாளர்கள், புகைப்படக்காரர். பாதுகாப்புக்குக் கான்ஸ்டபிள் கவுண்டர். கவுண்டரின் கொள்ளுத்தாத்தா கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர். அவர் மொழியில் குடும்பத்துக்கு மிஞ்சியது இரண்டு கெட்டவார்த்தைகள் மட்டும். கவுண்டர் அவற்றைப் பண்டிகை நாட்களுக்கென்று பத்திரமாக வைத்திருந்தார்.

வாய்திரி சத்தமில்லாமல் இருந்தது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. ப்ரெண்டன் இனோகேயின் தோளில் தட்டினார். நீர் வடியட்டும், அப்புறம் வெட்டலாம் என்றார் மிதவை ஓட்டி. வடியும் வரை முதலீட்டாளர்களுக்கு இளநீர் கொடுத்தார்கள். இந்த விடுதி எப்படி முழுக்க முழுக்க உள்ளூராரின் உடைமை, இனோகே எப்படி அதன் சொந்தக்காரன் என்று ப்ரெண்டன் அவர்களுக்கு விளக்கினார். மரச்சாவி சுவரில் தொங்கியது. முதலீட்டாளர்கள் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். உட்கார ஏன் ஒரு கட்டில்கூட இல்லை என்று ஒருவர் கேட்டார். காற்று என்றார் ப்ரெண்டன்.

நீர் வடிந்தது. எல்லோரும் பலகைப் பாதையில் நடந்து காட்டின் ஓரத்துக்கு வந்தார்கள். வந்து நின்றார்கள்.

கண்டல் மரங்களுக்கு அடியில், சேற்றில், வரிசையாகச் சாய்வுக்கட்டில்கள் போட்டிருந்தன. ஒவ்வொன்றும் வேரோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தது. ஒவ்வொன்றின் மேலும் 'சைலன்ஸ்' என்று எழுதிய குடை விரிந்திருந்தது. குடையின் கீழ், டவலை விரித்து, கண்ணில் வெள்ளரித் துண்டு வைத்து, வாய்திரி ஊரே மல்லாந்து படுத்திருந்தது. ஊர்த்தலைவர் அபாகூகி கைகளை வயிற்றில் கோத்து லேசாகக் குறட்டை விட்டார். விடுதி விளம்பரத்தில் போட்டிருந்த படம் அச்சாக அதேதான். விளம்பரத்தில் நண்டு இல்லை.

ரம்பக்காரர்கள் ரம்பத்தைக் கீழே வைத்தார்கள். மரத்தை வெட்டக் கூலி பேசியிருந்தது. மரத்தடியில் படுத்திருப்பவரைப் பற்றி எதுவும் பேசவில்லை.

என்ன இது என்று ப்ரெண்டன் கேட்டார். வாசேமதா வெள்ளரியை எடுக்காமலே பதில் சொன்னாள். "ஓய்வு."

எழுந்து போகச் சொன்னார். இனோகே மொழிபெயர்த்தான். அலை வந்து போகும் சேற்றில் படுப்பதற்கு யாரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்று வாசேமதா கேட்டாள். அனுமதி வந்துகொண்டிருக்கிறது, அதற்காக ஓய்வை நிறுத்திவைக்க வேண்டியதில்லை என்றாள் நாத்தனார். இதையும் இனோகே மொழிபெயர்த்தான், ஒரு சொல் குறையாமல்.

ப்ரெண்டன் கான்ஸ்டபிளிடம் திரும்பினார். அந்த இடத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம், இந்தக் கட்டில்கள் திருட்டுப் பொருள், முதலில் அவற்றைப் பறிமுதல் செய்யுங்கள் என்றார். அதில் நியாயம் இருந்தது. கவுண்டர் தொப்பியைச் சரி செய்துகொண்டு, புகார் கொடுப்பது யார், பொருளின் சொந்தக்காரர் யார் என்று கேட்டார்.

ப்ரெண்டன் வாயைத் திறந்தார். பக்கத்தில் முதலீட்டாளர்கள் நின்றார்கள். வாயை மூடிக்கொண்டார். பிறகு இனோகேயைப் பார்த்து, சொல்லப்பா, சும்மா சொல், கம்பெனியுடையது என்று சொல் என்று கண்ணைக் காட்டினார்.

வாசேமதா முதல் முறையாக ஒரு கண்ணிலிருந்து வெள்ளரியை எடுத்தாள். முழங்கையை ஊன்றி எழுந்து, முறைப்படி, ஊர் கேட்கக் கேட்டாள். "நாசவுராக்காரா. இந்தக் கட்டில் யாருது?"

அபாகூகியின் குறட்டை நின்றது.

இனோகே சேற்றைப் பார்த்தான். அவன் செருப்பு இங்கேதான் எங்கேயோ கிடந்தது. பொது மேலாளர் வேலையை நினைத்தான். பாயில் சுற்றி மேடேறிப் போன அப்பாவை நினைத்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்தது அதுதான் முதல் தடவை.

"என்னுது," என்றான்.

"குடை?"

"என்னுது."

"இந்தக் காடு?"

"மணல்லேர்ந்து கட்டில் வரைக்கும், கட்டில்லேர்ந்து கரைவரைக்கும் எல்லாம் என்னுது. கிண்ணத்துக்கு முன்னாடி சொன்னேன்."

"அப்ப எல்லாத்தையும் எடுத்துக்கறோம்," என்றாள் வாசேமதா. வெள்ளரியைத் திரும்பக் கண்ணில் வைத்துக்கொண்டு சாய்ந்தாள்.

கட்டில்களிலிருந்து, குவித்த கைகளின் மெதுவான தட்டல் எழுந்தது. ரம்பக்காரர்களில் இரண்டு பேர் பழக்க தோஷத்தில் தாங்களும் தட்டிவிட்டார்கள்.

சொந்தக்காரரே கொடுத்துவிட்டாரே, இதில் நான் எழுத ஒன்றுமில்லையே என்றார் கவுண்டர். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ப்ரெண்டனிடம் மெல்ல, இவர்தான் சொந்தக்காரர் என்று சற்று முன் நீங்களே சொன்னீர்கள் அல்லவா என்று கேட்டார். ப்ரெண்டனின் முகம் காதிலிருந்து சிவக்கத் தொடங்கியது. கட்டில்களில் வெள்ளரித் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ப்ரெண்டன் கத்தினார். நன்றாகவே கத்தினார். வெறும் அலங்காரப் பேச்சு என்றார், படத்துக்காகச் சொன்னது என்றார், ஒரு முட்டாள்கூட அதை நம்பமாட்டான் என்றார். முதலீட்டாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் நம்பியவர்கள்தான்.

அபாகூகி எழுந்து உட்கார்ந்தார். அவர் அதிகம் பேசமாட்டார். "இடத்தை அவனுக்குக் கொடுத்தாச்சு. அப்ப நீ அவன் வீட்டு ஆளு. அவன் வீட்டு ஆளுக்குக் கோபம் வந்திருக்கு," என்றார். பிறகு ப்ரெண்டனின் நெற்றி நரம்பை நெடுநேரம் பார்த்தார். "பெரிய பன்னி."

அதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று இனோகே முடிவு செய்வதற்குள் ப்ரெண்டன் அவனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார். பெயர்ப்பட்டையைக் கேட்டார். இனோகே கழற்றிக் கொடுத்தான். அடுத்த திங்கட்கிழமை வேறு ஆட்கள் வருவார்கள், வேறு கட்டில் வரும், வேறு மேலாளர் வருவான் என்றார் ப்ரெண்டன்.

"எந்த ஊர்க்காரனா அனுப்பினாலும் சரி," என்றாள் வாசேமதா. "எங்களுக்குத் தவுவு நிறைய. நாங்க எல்லார் மீனையும் பறிகொடுத்தவங்க."

இனோகே சூலுவை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு பலகைப் பாதையிலிருந்து சேற்றில் இறங்கினான். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். நாத்தனாருக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. உட்காரப் போனான்.

"ஏய், ஏய்," என்றாள் வாசேமதா. "அது எங்களுது. வேலையில்லாத நாசவுராக்காரனுக்குத் தரையே ஜாஸ்தி."

இனோகேக்குக் கோபம் வரவில்லை. தேடிப் பார்த்தான், எங்கேயும் இல்லை. அவள் கட்டிலின் கால்மாட்டில், சேற்றில், தேய்த்த சூலுவோடு சப்பணம் போட்டு உட்கார்ந்தான். யாரோ ஒரு மரவள்ளித் துண்டை அவன் மடியில் போட்டார்கள்.

மத்தியானத்துக்கு மேல், விடுதியில் தங்கியிருந்த மெல்போர்ன் பல் மருத்துவர் ஒருவரும் மனைவியும் கையில் டவலோடு வந்தார்கள். காலையிலிருந்து கட்டில் தேடுகிறார்களாம். இது தங்கள் கட்டணத்தில் அடங்குமா என்று கேட்டார்கள். நான் இப்போது வேலையில் இல்லை என்றான் இனோகே. வாசேமதா நகர்ந்து படுத்து, காலைப் பார்த்து வை, நண்டு இருக்கிறது என்று சைகை காட்டினாள். பல் மருத்துவர் படுத்துக்கொண்டு மேலே பார்த்தார். வௌவால் ஒன்று அவரைத் திரும்பப் பார்த்தது. ஐந்து நாளாக இதைத்தான் எதிர்பார்த்தேன் என்றார் மனைவியிடம்.

பிறகு கடல் திரும்பி வரத் தொடங்கியது. முதலில் வேர்களுக்கு நடுவே கோடு கோடாக, பிறகு தகடாக. சேற்றில் நடந்த குட்டி மீன்கள் நீந்தின. கட்டிலின் காலை நனைத்து, இனோகேயின் இடுப்பை நனைத்து, கட்டில் துணியைத் தொட்டது நீர். முதலீட்டாளர்கள் போய்விட்டிருந்தார்கள். ப்ரெண்டன் பலகைப் பாதையில் நின்று, இப்போது எழுந்திருப்பார்கள், இப்போது எழுந்திருப்பார்கள் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீர் முதுகைத் தொட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. கயிறுகள் இறுகின, கட்டில்கள் லேசாக ஆடின. அபாகூகி மறுபடியும் குறட்டை விட்டார். சாம்பல் கொக்கு ஒன்று வந்து, அட்டையில் நிற்பதைப் போலவே, பல் மருத்துவரின் குடைமேல் ஒற்றைக்காலில் நின்றது.

இந்த அலையை விட்டால் மிதவை நாளை வரைக்கும் நகராது, வீட்டில் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று மிதவை ஓட்டி இயந்திரத்தைக் கிளப்பினார். ரம்பங்கள் ஏறின. ஆட்கள் ஏறினார்கள். மிதவை காட்டின் ஓரமாகத் திரும்பும்போது அவர் கையை வாயில் குவித்து, கம்பெனி சொன்னபடி அடுத்த திங்கட்கிழமை வருவோம் என்று கத்திச் சொன்னார்.

வாசேமதா கண்ணைத் திறக்கவில்லை. "வரும்போது வெள்ளரிக்கா வாங்கிட்டு வா," என்றாள். "இவன் வச்சிருந்தது வாடிப்போச்சு."